பேச்சிராஜ் கடை ஐடியில் ஒரு கிரகம்

சங்கரன்கோவிலில் பாதிப் பேருடைய ரகசிய எண் பேச்சிராஜின் செல்போனுக்குத்தான் வரும். கூட்டிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ரேஷன் கார்டில் மருமகள் பேரைச் சேர்க்க வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும், முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட வேண்டும் என்று அவருடைய கம்ப்யூட்டர் சென்டருக்கு வருகிறவர்களிடம் படிவம் முதலில் கேட்பது செல் நம்பரையும் மெயில் ஐடியையும்தான். வந்தவர் விழிப்பார். வீட்டில் இருக்கும் ஒரே போனை மகன் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோயிருப்பான். மெயில் ஐடி என்றால் அதற்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு.

"சரி விடுங்க, என் நம்பரையே போட்டுருதேன்" என்பார் பேச்சிராஜ்.

பதினெட்டு வருஷமாக இப்படியே போட்டுப் போட்டு, பனவடலிசத்திரத்திலிருந்து புளியங்குடி வரைக்கும் அவர் நம்பர் பரவிவிட்டது. எவரோ எங்கோ ஆபீஸில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, ஓடிபி வந்துட்டா?" என்று கூப்பிடுவார்கள். இவர் வாயில் இட்லியோடு ஆறு எண்களைச் சொல்வார். வீட்டில் மனைவி சண்முகப்ரியா, "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் நீங்கதான் புருஷன் பொண்டாட்டி" என்று சலித்துக்கொள்வாள். அதில் பேச்சிராஜுக்கு உள்ளூரப் பெருமை.

மனு எழுதுவதும் அப்படித்தான். "நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். நான் ஆதரவற்ற விதவை. நான் ஒரு சிறு விவசாயி." எல்லா 'நான்'களையும் அவர் விரல்தான் அடிக்கும். யாருக்காக அடிக்கிறோம் என்று நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. அது பழகிப்போன கை. இந்தக் கைதான் அவரை ஒரு நாள் ஊர் நடுவில் தலைகுனிய வைத்தது. அவருக்கு மட்டும் தெரிந்த தலைகுனிவு அது. ஊர் என்னவோ அவர் தலை நிமிர்ந்து நிற்பதாகத்தான் நினைத்தது.

வேல்விழி அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். அதற்கு முன்னால் ஆறு வருஷம் விசைத்தறிக் கூடம் ஒன்றில், சேலையை மடிக்கும் முன் பழுது பார்க்கிற வேலை. சாய்வான மேஜையில் துணியை ஓடவிட்டு, எங்கே குறுக்கே ஓடும் ஊடை இழை விட்டிருக்கிறது, எங்கே நூல் தடித்திருக்கிறது என்று பார்த்து சாக்பீஸால் கோடு போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு மீட்டர் அவள் கண்ணுக்குள் ஓடியிருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இழுப்பு வந்தது. டாக்டர் தறிப்பக்கமே போகாதே என்றார். புருஷன் திருப்பூரில் வேன் ஓட்டுகிறார், அம்மா கோமதித்தாய்க்குக் கண் தெரியவில்லை. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்ததால் பேச்சிராஜ் கடைக்கு வந்தாள்.

பேச்சிராஜுக்கு வானத்தின் மேல் ஒரு கிறுக்கு உண்டு. பாளையங்கோட்டையில் பிஎஸ்ஸி பிசிக்ஸ் படித்து, இரண்டு பேப்பர் அரியரோடு நின்றுபோனவர். அந்த அரியர் இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ஆதாருக்குக் காத்திருக்கிறவர்களிடம், "நம்ம சூரியன் மாதிரி ஒத்தையா நிக்கிற நட்சத்திரம் மட்டுந்தான் இருக்குன்னு நினைக்காதிய. ரெண்டு ரெண்டா, மூணு மூணாச் சேந்து ஒன்னையொன்னு சுத்திக்கிட்டுக் கெடக்கது எக்கச்சக்கம்" என்று ஆரம்பிப்பார். பாதிப் பேர் கேட்பார்கள், மீதிப் பேர் போனை நோண்டுவார்கள். வேல்விழி மட்டும் கேள்வி கேட்டாள்.

"ரெண்டு சூரியன் இருந்தா அங்கன பூமி எதைச் சுத்தும் அண்ணாச்சி?"

"ரெண்டு விதமாவும் சுத்தும். ரெண்டுல ஒன்ன மட்டும் சுத்துறதும் உண்டு. ரெண்டையும் சேத்து வெளிய இருந்து பெரிய வட்டமாச் சுத்துறதும் உண்டு. அதுல நின்னு பாத்தா மேற்க ரெண்டு சூரியன் ஒன்னுக்குப் பின்னால ஒன்னா மறையும்."

"ஏ யப்பா! அப்ப வத்தல் போட்டா ஒரே நாள்ல காஞ்சிரும்லா."

பேச்சிராஜ் சிரித்தார். அந்த வாரமே ஒரு வெப்சைட்டைக் காட்டிக்கொடுத்தார். விண்ணில் சுற்றும் தொலைநோக்கி ஒரு நட்சத்திரத்தையே மாதக்கணக்கில் முறைத்துப் பார்த்து, எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று புள்ளி புள்ளியாய் வைத்து அனுப்பும். அந்த நட்சத்திரத்துக்கு முன்னால் ஏதாவது குறுக்கே போனால் வெளிச்சம் துளி குறையும், புள்ளிகள் கீழே இறங்கி மறுபடி ஏறும். கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தப்பியதை மனிதக் கண் பிடிக்கும் என்று, விஞ்ஞானிகள் யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லுங்கள் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருந்தார்கள். பேச்சிராஜ் ஒரு மாதம் ஆசையாகப் பார்த்தார், அப்புறம் அலுத்துவிட்டது. வேல்விழிக்கு அலுக்கவில்லை. அரசாங்கத்துச் சர்வர் வேலை செய்யாத நேரமெல்லாம் அவளுக்கு அதுதான் வேலை. நம் ஊரில் சர்வர் எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

"எனக்குத் தனியா ஒரு அக்கவுண்டு போட்டுத் தாங்களேன்" என்று முதல் வாரம் கேட்டாள்.

"தனியா என்னத்துக்கும்மா? அதுக்கு மெயில் ஐடி, அது இதுன்னு கேப்பான். நம்ம கடை ஐடிலயே பாரு."

கடை ஐடி என்பது பேச்சிராஜ் பேரில் இருந்த ஐடி. இதை ஒரு தப்பு என்று அவர் அன்றைக்கு நினைக்கவில்லை. ஊருக்கே செய்ததைத்தான் அவளுக்கும் செய்தார்.

போன வருஷம் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம், கடையில் கூட்டம் குறைந்திருந்த ஒரு மத்தியானம், அவள் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, செத்த இங்க வந்து பாருங்களேன்."

திரையில் ஒரு ஜோடி நட்சத்திரத்தின் வெளிச்சக் கோடு. இருபது நாளைக்கு ஒருமுறை ஆழமாக ஒரு பள்ளம், நடுவில் சின்னதாக இன்னொரு பள்ளம். ஒரு நட்சத்திரம் மற்றதை மறைக்கும்போது ஒன்று, மற்றது இதை மறைக்கும்போது ஒன்று. கடிகாரம் மாதிரி மாறாமல் வந்தது.

"ஜோடி ஒன்னையொன்னு மறைக்கிது, அவ்வளவுதான்" என்றார் பேச்சிராஜ்.

"அது தெரியும். அது டிசைன். டிசைன்னா திரும்பத் திரும்ப அதே எடத்துல வரும். இந்தா, இங்க ஒரு கீறல் கெடக்கு பாருங்க. அஞ்சு நாள் தள்ளி இன்னொன்னு. ரெண்டும் கணக்குல சேரல."

"பழுது. மெஷின் கோளாறு."

"பழுதுன்னா ஒரு தடவதான் வரும், அதும் வெட்டுன மாதிரி வரும். இது பைய எறங்கிப் பைய ஏறுது. டிசைனும் இல்ல, பழுதும் இல்ல அண்ணாச்சி. ஊடை ஒரு இழை விட்ட எடத்துல இன்னொரு நூல் குறுக்க ஓடுனா இப்படித்தான் இருக்கும். ரெண்டு தடவ வருது, ஆனா ரெண்டும் ஒரே மாதிரி இல்ல."

கவுண்டரில் ஒருவர் வருமானச் சான்றிதழுக்கு நின்றுகொண்டிருந்தார். பேச்சிராஜுக்கு எரிச்சல். "சவத்த விடும்மா. படிச்சவன் ஆயிரம் பேரு பாத்திருப்பான். நமக்கு என்ன தெரியும்?"

இந்த வார்த்தையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சிராஜ் பின்னால் தூங்காமல் கிடந்தபோதெல்லாம் இதுதான் அவர் காதில் ஒலித்தது.

அவள் விடவில்லை. கருத்துச் சொல்கிற இடத்தில் இங்கிலீஷில் எழுத வேண்டும், அது அவளுக்கு வராது. நாலு நாள் நச்சரித்தாள். தொல்லை விட்டால் போதும் என்று பேச்சிராஜ் உட்கார்ந்து நாலு வரி தட்டினார். இந்தத் தேதியில் ஒன்று, அந்தத் தேதியில் ஒன்று, ஜோடியின் கணக்கில் இவை சேரவில்லை, நான் கவனித்தேன். எப்போதும் போல 'நான்'. ஆதரவற்ற விதவைக்கும் சிறு விவசாயிக்கும் அடிக்கிற அதே 'நான்'.

ஏழு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, மெயில் வந்தது.

அன்றைக்கு வேல்விழி கடையில் இல்லை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகத் திருநெல்வேலி போயிருந்தாள், ஒரு வாரம் லீவு. பேச்சிராஜ் மெயிலை மூன்று தடவை படித்தார். அன்புள்ள திரு. பேச்சிராஜ், நீங்கள் கவனித்த இரண்டு இறக்கங்களும் மெய்யானவை. அவை ஒரு கிரகம். சனிக் கிரகத்தின் அளவு. இரண்டு நட்சத்திரங்களையும் சேர்த்து இருநூறு நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. குறுக்கே கடக்கும் ஒரே தடவையில் முதலில் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாலும், ஐந்து நாள் கழித்து மற்றதற்கு முன்னாலும் போயிருக்கிறது. அந்த இரண்டும் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் கணக்கு சேரவில்லை. வெகு தொலைவில் மூன்றாவதாக ஒரு நட்சத்திரம் இந்தக் குடும்பத்தையே சுற்றிக்கொண்டிருப்பதும் தெரியவந்திருக்கிறது. கட்டுரையில் உங்கள் பெயர் இடம்பெறும், கீழே உள்ள படிவத்தில் முழுப் பெயரை நிரப்புங்கள்.

முழுப் பெயர் என்ற கட்டம் கண்ணில் பட்டதும் கை தானாக அடித்தது. எஸ். பேச்சிராஜ், சங்கரன்கோவில். அடித்து முடித்து அனுப்பின பிறகுதான் நினைவு வந்தது. அடடா, இது அந்தப் பிள்ளை பார்த்ததுல்லா. சரி, அவள் வரட்டும், சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தார். அந்த அரை மணி நேரத்துக்கு அவர் நல்ல மனுஷன்தான்.

கெடுத்தது அவர் வாய். பக்கத்துப் பாத்திரக் கடை சங்கரசுப்புவிடம் மெயிலைக் காட்டினார். சங்கரசுப்பு பஜார் வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர், குரல் நாலு கடை தாண்டிக் கேட்கும்.

"என்னவே சொல்லுதீரு! கிரகத்தையா கண்டுபிடிச்சீரு? ஏ யப்பா, இங்கன ஒக்காந்துக்கிட்டா? நம்ம பஜார்ல ஒரு விஞ்ஞானி இருக்கான்னு ஒரு பயலுக்குத் தெரியலையே!"

"அது… கடைல வச்சுப் பாத்தது…"

"கடைல வச்சுத்தான் பாப்பீரு, பின்ன கோயில் குளத்துலயா பாப்பீரு?"

அவ்வளவுதான். புதன்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு முக்கில் ஃபிளெக்ஸ் தொங்கியது. கோட்டு சூட்டில் பேச்சிராஜ். கோட்டு அவருடையதல்ல, அச்சடித்தவன் மாட்டிவிட்டது. இரு பக்கமும் இரண்டு சூரியன். அதிலும் ஒரு கூத்து. சனி அளவுக் கிரகம் என்றால் பார்க்கிறவனுக்கு ஏழரை ஞாபகம் வரும் என்று, சங்கரசுப்பு "குருவுக்கு நிகரான புதுக் கிரகம் கண்ட எங்கள் குருவே" என்று போட்டுவிட்டார். பேச்சிராஜ் அதைப் பார்த்து வெட்கப்பட்டார். ஆனால் கழற்றச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்து அரியர் இரண்டும் ஒரே மூச்சில் பாஸானது போல இருந்தது. அந்த ருசியை விட மனசு வரவில்லை.

வீட்டில் சண்முகப்ரியா மட்டும் சோற்றைப் போட்டுக்கொண்டே ஒரு மாதிரி பார்த்தாள். "கண்ணாடி போடாம உப்பு எது, சீனி எதுன்னு தெரியாது. நீங்களா அவ்வளவு சின்னக் கீறலப் பாத்திய?"

"கடைல பாத்ததுட்டி" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை வேல்விழி வந்தாள். பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் வர வேண்டும், ஃபிளெக்ஸைப் பார்க்காமல் வர வழியே இல்லை. பையை ஆணியில் மாட்டினாள்.

"அண்ணாச்சி, போட்டோ நல்லா வந்திருக்கு."

"அத சங்கரசுப்பு… அவரு ஒரு கோட்டிக்காரரு, கிறுக்குத்தனமா…"

"அது நான் பாத்த அந்தக் கீறல்தானா?"

நேராகக் கேட்டுவிட்டாள். பேச்சிராஜ் பிரிண்டரிலிருந்து பேப்பரை எடுத்து வெளியே வைத்தார், மறுபடி உள்ளே வைத்தார். "அதுதாம்மா. நம்ம ஐடில போட்டதுல்லா, அதான் எம் பேரு வந்துட்டு. சொல்லணும்னுதான் இருந்தேன். மாத்திக்கிடலாம்."

"சரி அண்ணாச்சி."

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் பேச்சிராஜ் பிழைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. பொன்னாடை மேல் பொன்னாடை, கழுத்தே தெரியவில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னவர் மேடையில் சொல்லிவிடலாம் என்றுதான் போனார். சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டில் வேல்விழியின் பேரை எழுதிக்கூட வைத்திருந்தார். பொன்னாடைகளுக்கு அடியில் அந்தப் பை எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போனது. மூன்றாவது வரிசையில் வேல்விழி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோமதித்தாய்.

கூட்டத்தில் ஒரு வாத்தியார் எழுந்து கேட்டார். "கம்ப்யூட்டருக்கே தப்புனத நீங்க எப்படி சார் கண்டுபிடிச்சிய? அந்தச் சூட்சுமத்தக் கொஞ்சம் சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், வாத்தியார் வாசலைத் திறந்து அல்லவா வைத்தார்! பேச்சிராஜ் மைக்கைப் பிடித்தார். வாயிலிருந்து வந்தது இது:

"அது ஒன்னுமில்ல சார். துணில பழுது பாக்குத மாதிரிதான். டிசைன்னா திரும்பத் திரும்ப அதே எடத்துல வரும். பழுதுன்னா ஒரு தடவதான் வரும், வெட்டுன மாதிரி வரும். இது டிசைனும் இல்ல, பழுதும் இல்ல. பைய எறங்கிப் பைய ஏறுது…"

மண்டபம் கைதட்டியது. தறிக்காரர்கள் நிறைந்த ஊர், அவர்களுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. சங்கரசுப்பு விசிலே அடித்தார். பேச்சிராஜ் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார். அது தன் குரல் இல்லை என்று அவருக்குத் தெரியும். தறிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்திராத மனுஷன் அவர். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். வேல்விழி அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டிருந்தாள். கேசரி கொடுப்பதற்கு முன்பே இருவரும் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தாள். பதினோரு மணிக்குச் சர்வர் படுத்துவிட்டது. பேச்சிராஜ் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் அந்த வெப்சைட்டைத் திறக்கவில்லை. துணியை எடுத்து கீபோர்டு கீபோர்டாகத் துடைத்தாள். செவ்வாய்க்கிழமையும் துடைத்தாள். துடைக்க அழுக்கே இல்லாத கீபோர்டுகளைத் துடைத்தாள். வந்தவர்கள் எல்லாம் பேச்சிராஜுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கையும் அவருக்குச் சுட்டது. அவமானம் என்றால் நாலு பேர் காறித் துப்பினால் வருவது என்று அவர் இத்தனை காலம் நினைத்திருந்தார். நாலு பேர் கைகொடுத்தாலும் வரும் என்று இப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை அடுத்த மெயில். கட்டுரையின் பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை முடிகிறது, திருத்தம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள், அதன்பின் மாற்ற முடியாது. இரண்டு நாள்தான் இருந்தது.

பேச்சிராஜ் முதலில் சங்கரசுப்புவிடம் போனார். ஊரைக் கூட்டியவர் ஊரிடம் சொல்லட்டும் என்று.

"வே, ஒன்னு சொல்லுதேன், தப்பா நினைக்காதீரும். அந்தக் கிரகத்தப் பாத்தது நான் இல்ல. எங்கடைல வேல பாக்குத வேல்விழி. நான் அத வேண்டாம்னு சொன்னவன்."

சங்கரசுப்பு ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசுவே உமக்கு. வேலைக்கு வார பிள்ளைக்குப் பேரக் குடுக்கணும்னு தோணுதுல்லா, இது எவனுக்கு வரும்?"

"குடுக்கல. அவளுதுதான்."

"சரி, சரி. புரியுது. இதுக்குப் பேருதான்வே தன்னடக்கம்."

என்ன சொல்லியும் ஏறவில்லை. ஒரு மணி நேரத்தில் பஜார் முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடியது, புகழைப் பணியாளருக்கு அளித்த வள்ளல் என்று. கும்பிடும் கை எமோஜி நாற்பது. சாயங்காலம் கோமதித்தாயே வந்துவிட்டாள், பூ மார்க்கெட்டில் வாங்கின மல்லிகைப் பந்தோடு, கறுப்புக் கண்ணாடியோடு. வேல்விழி டீ வாங்கப் போயிருந்தாள்.

"அய்யா, எம் பிள்ளைக்கும் ஒரு பேரு வாங்கிக் குடுக்கேன்னு சொன்னியளாம். நீங்க நல்லாருக்கணும்."

"அக்கா, நான் திருடிட்டேங்க்கா. அவ பாத்தத நான் பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"சும்மா இருங்கய்யா" என்று சிரித்தாள் கோமதித்தாய். "நீங்க இல்லன்னா அவளுக்கு ஏது கம்ப்யூட்டரு? என் பென்ஷனே ஒங்க நம்பர்ல தான வருது."

மல்லிகையை மேஜையில் வைத்துவிட்டுத் தடவித் தடவிப் படி இறங்கினாள். பேச்சிராஜ் அந்தப் பூவைத் தொடவில்லை. உண்மையைச் சொன்னாலும் ஊர் அதை மாலையாகக் கட்டி அவர் கழுத்திலேயே போட்டது. சங்கரசுப்புவாலும் மன்னிக்க முடியாது, கோமதித்தாயாலும் மன்னிக்க முடியாது. அவர்களிடம் எடுத்தது ஒன்றுமில்லையே! எடுத்தது யாரிடமோ அவளிடம் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த மனுஷன் ஊரெல்லாம் சுற்றியது அந்த ஒரு முகத்தைப் பார்க்கப் பயந்துதான்.

வியாழக்கிழமை காலை வேல்விழி வருவதற்கு முன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு முக்குக்குப் போனார். கட்டியிருந்த கயிற்றை அறுத்து, கோட்டு சூட்டு பேச்சிராஜைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். காற்றில் கிழிந்துவிடுமென்று பத்திரமாக எடுத்து வைக்கிறார் என்று டீக்கடைக்காரர் நினைத்தார்.

அவள் வந்து பையை மாட்டியதும் சொன்னார்.

"வேல்விழி, அது நீ பாத்தது. நான் பாக்கல. நீ சொன்னப்ப சவத்த விடுன்னேன். மெயில் வந்தப்ப எம் பேர அடிச்சேன். மாத்திக்கிடலாம்னு ஒன்ட்ட சொல்லிட்டு மாத்தல. ஆச, வேற ஒன்னுமில்ல. எனக்கு ஒம் முகத்தப் பாக்க வெக்கமா இருக்கும்மா."

அவள் துணியைக் கையில் வைத்தபடி நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"பேரு போனாக்கூட போட்டும்னு இருந்தேன் அண்ணாச்சி. கடை ஐடி, நீங்க எழுதுனது, சரின்னு இருந்தேன். மேடைல ஏறி எம் பேச்சப் பேசுனியளே, அதத்தான் தாங்க முடியல. டிசைன் எது, பழுது எதுன்னு நான் ஆறு வருசம் தூசில நின்னு படிச்சது. நெஞ்சு இழுக்க இழுக்கப் படிச்சது. அதப்போய் ஒங்களுதுன்னு சொன்னிய. எங்கம்மா வேற பக்கத்துல இருந்து கைதட்டுதா."

பேச்சிராஜ் சுவரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம கடைசி" என்றார் கடைசியில். "நேத்தே எழுதிக் கேட்டுட்டேன். பாத்த ஆளு பேர நேரா நிரப்பச் சொல்லி வேற படிவம் அனுப்பியிருக்கான்." கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தார். பழைய பேரை அழித்தார். அழித்ததும், கேட்கக் கூடாது என்று தெரிந்தும், ஒரு நப்பாசை தலை நீட்டியது. "ரெண்டு பேரு பேரும் போடலாம்னும் எழுதியிருக்கான். நீ சரின்னா மட்டும்."

வேல்விழி யோசித்தாள். கோபமாக யோசிக்கவில்லை. மேஜையில் ஓடுகிற துணியைப் பார்ப்பதைப் போலத்தான் அவரைப் பார்த்தாள்.

"நீங்க பாக்கலையே அண்ணாச்சி."

"ஆமா" என்றார் பேச்சிராஜ். "பாக்கல."

படிவம் மெயில் ஐடி கேட்டது. அவளுக்கு இல்லை. அவள் ஆதார், ரேஷன் கார்டு, அம்மாவின் பென்ஷன், அத்தனையிலும் இருந்தது பேச்சிராஜின் ஐடி. புதிதாக ஒன்று ஆரம்பிக்கப் பக்கத்தைத் திறந்தார். செல் நம்பர் கேட்டது. பழகிய விரல் ஒன்பது, எட்டு என்று தன் நம்பரின் முதல் இரண்டு எண்களை அடித்தேவிட்டது. பார்த்துவிட்டுச் சட்டென்று அழித்தார். அவளும் பார்த்துவிட்டாள்.

"ஒன் நம்பரச் சொல்லும்மா."

சொன்னாள். அடித்தார். அவள் பையில் இருந்த போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தாள், ஆறு எண்கள். பேச்சிராஜ் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு, பதினெட்டு வருஷப் பழக்கத்தில், "சொல்லு" என்றார்.

அவள் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"செத்த எந்திரிங்க அண்ணாச்சி. நானே போட்டுக்கிடுதேன்."

பேச்சிராஜ் எழுந்தார். உள்ளே நிற்க இடம் போதவில்லை. கவுண்டரின் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, மனுக் கொடுக்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் திரை தெரியாது. அவள் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.